ட்ரெய்னிங் போயிட்டு வந்தா வகுப்புல என்னதான் மாறுது?

13.9.2025
ஒரு சார் கேட்டது, அப்படியே போடறேன்: "20 வருஷ சர்வீஸ். எத்தனை பயிற்சின்னு கணக்கே இல்ல. போனோம், கையெழுத்து போட்டோம், டீ குடிச்சோம், ஃபைல் வாங்கிட்டு வந்தோம். ஒண்ணு கூட என் வகுப்பை மாத்தல. ஆசிரியருக்கு பயிற்சியே தேவையில்ல, பாடம் நடத்த விட்டாலே போதும். இல்லன்னு சொல்றவங்க சொல்லுங்க."

13.9.2025, ராத்திரி
இல்லன்னு சொல்றேன் சார். ஆனா பாதிதான் சொல்ல முடியும்.

நான் இடைநிலை ஆசிரியர், கடலூர் மாவட்டத்துல ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி. 2005ல தொகுப்பூதியத்துல சேர்ந்து 2006 ஜூன்ல முறையான சம்பளத்துக்கு வந்த பேட்ச். ஹால்ல உட்கார்ந்து கேட்ட பயிற்சிகள்ல எது ஞாபகம் இருக்குன்னு இப்ப யோசிச்சு பார்த்தா, மதிய சாப்பாடு எங்க வாங்குனோம், யார் பக்கத்துல உட்கார்ந்தோம், இதுதான் வருது. பாடம் வரல. அதுல நீங்க சொல்றது உண்மை.

ஆனா ஏ.பி.எல், அதாவது பிள்ளைங்க கார்டு வச்சு படிப்படியா தானே கத்துக்கற செயல்வழிக் கற்றல், 2007ல வந்தப்போ நடந்த ஒரு நாள் மட்டும் அச்சு மாதிரி மனசுல இருக்கு. பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு எங்க ஏழெட்டு பேரை கூட்டிட்டு போய் காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் வகுப்பு மூலையில உட்கார வச்சாங்க. யாரும் பேசல, பவர்பாயிண்ட் இல்ல. பிள்ளைங்க தானா எழுந்து போய் ஏணிப் படத்துல தன் படி எதுன்னு பார்த்து, அந்த லோகோ போட்ட கார்டை தட்டுல இருந்து எடுத்துட்டு வந்து பாய்ல உட்கார்றாங்க, முடிச்சவன் கீழ்மட்டக் கரும்பலகையில தன் பேர் எழுதி இருக்கற இடத்துல எழுதறான், தலைக்கு மேல கம்பிப் பந்தல்ல அவங்க வரைஞ்ச படம் எல்லாம் தொங்குது, டீச்சர் தரையில உட்கார்ந்து ஒரே ஒரு பிள்ளையோட வாசிச்சிட்டு இருக்காங்க. மத்த 30 பேரும் என்ன ஆனாங்கன்னு நான் பதறிப் போய் பார்க்கறேன், எல்லாம் வேலை செஞ்சிட்டு இருக்கு. நான் அதுவரைக்கும் நாற்காலியை விட்டு இறங்குனதே இல்ல. மறுநாள் இறங்குனேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஏறல.

அதனால, பயிற்சி வேண்டாம்னு சொல்லாதீங்க. கேட்கற பயிற்சி வேற, பார்க்கற பயிற்சி வேற.

14.9.2025
நேத்து எழுதுனது பத்தாது, முக்கியமானதை விட்டுட்டேன். பார்க்கறதை விட பெரிசு ஒண்ணு இருக்கு, அது நம்மள இன்னொருத்தர் பார்க்கறது.

ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு மூணாம் வகுப்பு. இனமாற்றிக் கழித்தல், நாம வழக்கமா சொல்றது கடன் வாங்கிக் கழித்தல். 52ல 27 போனா எவ்வளவு. ஆணிமணிச் சட்டம் (ஒன்று, பத்துன்னு கம்பியில மணி கோர்த்தது) வச்சு, போர்டுல போட்டு, நாலு நாள் நடத்தி முடிச்சிட்டேன், எல்லாரும் கோரஸா பதில் சொன்னாங்க, எனக்கும் திருப்தி. அந்த வாரம் எங்க அஞ்சாம் வகுப்பு டீச்சர், என்னை விட 12 வயசு சின்னவங்க, என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க, "அக்கா, உங்க நோட்டெல்லாம் குடுங்க, அஞ்சாம் வகுப்புல ஏன் கழித்தல் தப்பு போடறாங்கன்னு எனக்கு புரியல, கீழ இருந்து பார்க்கறேன்"னு கேட்டாங்க. குடுத்தேன்.

அடுத்த நாள் மதியம் நோட்டை திறந்து காட்டறாங்க. 22 பேர்ல 12 பேர் 52 - 27 = 35ன்னு போட்டிருக்கான். நான் அதுக்கு தப்பு போட்டு பக்கத்துல 25ன்னு சிவப்பு மையில எழுதி கையெழுத்தும் போட்டிருக்கேன். பன்னெண்டு பேரும் ஒரே தப்பு போட்டா அது கவனக்குறைவு இல்லையே! அதை நான் பார்க்கவே இல்ல, ஒவ்வொரு நோட்டா திருத்துறப்போ ஒவ்வொரு தப்பா தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

ஒரு பையனை கூப்பிட்டு, அதட்டாம, எப்படி போட்டேன்னு சொல்லுடான்னு கேட்டாங்க அவங்க. அவன் சொன்னான்: "ரெண்டுல இருந்து ஏழு போகாது டீச்சர். சின்னதுல இருந்து பெருசு போகாதுன்னு நம்ம டீச்சர் சொன்னாங்க. அதான் ஏழுல இருந்து ரெண்டை எடுத்தேன். அஞ்சு."

நான் சொன்ன வார்த்தைதான் அது. நாலு நாளும் சொன்னேன். அவன் என் பேச்சை நல்லா கேட்டிருக்கான், கேட்டபடியே செஞ்சிருக்கான். 18 வருஷமா நான் அந்த வாக்கியத்தை ஒவ்வொரு மூணாம் வகுப்புக்கும் சொல்லியிருக்கேன். எத்தனை பிள்ளைங்கன்னு நினைச்சா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

எந்த ஹால்ல, பயிற்சி குடுக்க வர்ற எந்த கருத்தாளர் வந்து இதை எனக்கு சொல்லியிருக்க முடியும்? என் வாயில இருந்து என்ன வருதுன்னு அவங்களுக்கு தெரியாதே.

14.9.2025, கொஞ்ச நேரம் கழிச்சு
பழைய டைரியை எடுத்து பார்த்தேன். அந்தப் பையன் மாதிரி போட்டவங்க 12 இல்ல, 9 பேர். மூணு பேர் வேற விதமா தப்பு போட்டிருந்தாங்க: பக்கத்து அஞ்சுல இருந்து பத்தை வாங்கிட்டு, அஞ்சை நாலாக்க மறந்து, 35. விடை ஒண்ணுதான், ஆனா காரணம் வேற, ரெண்டுக்கும் மருந்தும் வேற. இதை அப்பவே பிரிச்சுப் பார்த்து சொன்னதும் அந்த டீச்சர்தான்.

19.9.2025
"இதெல்லாம் கேட்க நல்லா இருக்கு, நேரம் எங்க இருக்கு?"ன்னு செய்யாறுல இருந்து ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி, விவரமாவே சொல்றேன்.

எங்க பள்ளியில ஹெச்.எம் சேர்த்து நாலு பேர், 83 பிள்ளைங்க. அந்த 35 சம்பவத்துக்கு அப்புறம் வெள்ளிக்கிழமை பிள்ளைங்க போனதும் அரை மணி நேரம் உட்கார ஆரம்பிச்சோம். ஒரு வாரத்துக்கு ஒருத்தர் நோட்டு. எல்லா நோட்டும் கிடையாது, அஞ்சே அஞ்சு: நல்லா போடறவங்க ஒண்ணு, நடுவுல மூணு, ரொம்ப திணறுற பிள்ளை ஒண்ணு. நோட்டை நடுவுல வச்சு, இந்தப் பிள்ளை என்ன நினைச்சு இதை எழுதியிருக்கும்னு மட்டும்தான் பேசணும். டீச்சர் ஏன் இப்படி நடத்துனீங்கன்னு யாரும் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதியை எங்க ஹெச்.எம் போட்டாங்க, அது இல்லன்னா மூணாவது வாரமே கூட்டம் கலைஞ்சிருக்கும்.

அரை மணின்னு சொல்றேன், சில நாள் அஞ்சு மணி ஆயிடும், பஸ் போயிடும். மாசத்துல நாலு வெள்ளியும் நடக்குதான்னா நடக்கல. ரெண்டு நடக்கும். எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் பதிவு) ஏதாவது ஏத்தணும்னு வந்தா அதுதான் முதல்ல. மீட்டிங் ரிஜிஸ்டர் போடல, போட்டோ எடுக்கல. போட்டோ எடுக்க ஆரம்பிச்சா அதுக்காக உட்காருவோமோன்னு எனக்கு பயம்.

காலாண்டு பரீட்சை நடக்குது, பேப்பர் கட்டு காத்திருக்கு. மீதி அப்புறம்.

21.9.2025
வயசுல மூத்த ஒரு சார் திருத்தியிருக்காரு, ஏ.பி.எல் 2007லதான் ஆரம்பிச்சதுன்னு நினைக்காதீங்கம்மான்னு. சரிங்க சார். சென்னை மாநகராட்சி பள்ளிகள்ல 2003லயே ஆரம்பிச்சாச்சு, ஆந்திராவுல ரிஷி வேலி பள்ளிகள்ல நடந்ததை ஆசிரியர்களே நேர்ல போய் பார்த்துட்டு வந்து கார்டு தயாரிச்சாங்க. மாநிலம் முழுக்க வந்தது 2007-08. என்னைக் கூட்டிட்டுப் போனது அந்த வருஷம்.

யோசிச்சா அதுலயே பதில் இருக்கு. முதல்ல செஞ்சவங்க போய் பார்த்தாங்க, திரும்பி வந்து தானே கையால கார்டு செஞ்சாங்க. அப்புறம் அது வளர்ந்து வளர்ந்து எங்க வரைக்கும் வர்றப்போ அச்சடிச்ச கார்டு பெட்டியா வந்துச்சு. பெட்டியை பிரிச்சு அடுக்குனவங்களுக்கு அந்த கார்டு ஏன் அந்த வரிசையில இருக்குன்னு தெரியாது. எனக்கு ஒரு நாள் பார்க்க கிடைச்சுது, நிறைய பேருக்கு அதுவும் கிடைக்கல.

இது ஏ.பி.எல்லுக்கு மட்டும் இல்ல. மாநில அளவுல சிலருக்கு பயிற்சி, அவங்க மாவட்டத்துக்கு, மாவட்டம் ஒன்றியத்துக்கு, ஒன்றியம் குறுவள மையத்துக்கு, அதாவது பக்கத்து பக்கத்து பள்ளிகள் சேர்ந்து கூடற இடத்துக்கு. நாலு கை மாறி வருது. நான் ரெண்டு வருஷம் கருத்தாளரா இருந்தவ, அதனால சொல்றேன், மேல ரெண்டு நாள் பேசுனதை எங்ககிட்ட ஒரு நாள்ல சொன்னாங்க, நான் அதை கீழ ரெண்டரை மணி நேரத்துல சொன்னேன். நேரம் பத்தலன்னா எதை வெட்டுவோம்? செஞ்சு பார்க்கறதைத்தான் வெட்டுனேன். செய்தியை மட்டும் ஒப்பிச்சேன். எதிர்ல உட்கார்ந்திருந்த 40 பேரும் ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் நின்னு பேசறவங்க, அவங்களை அசையாம உட்கார வச்சு, பிள்ளைங்களை அசைய விடணும்னு சொல்லிக்குடுத்தேன். அந்த 40 பேர்கிட்டயும் இப்பவும் மன்னிப்பு கேட்கணும் போல இருக்கு.

28.9.2025
ஈராசிரியர் பள்ளி பத்தி ஒருத்தங்க எழுதுனது என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. ரெண்டு பேர்ல ஒருத்தர் பயிற்சிக்கு போனா மத்தவர் கையில அஞ்சு வகுப்பும். அன்னிக்கு பாடம் நடக்காது, பிள்ளைங்களை ஒரே அறையில வச்சு பார்த்துக்கறதுதான் நடக்கும். சனிக்கிழமை வச்சா நமக்கு லீவு போகுது, ஈடுசெய் விடுப்பு எடுத்தா மறுபடி அதே கதை.

நானும் ஏழு வருஷம் ஈராசிரியர் பள்ளியில இருந்தேன். அங்க வெள்ளிக்கிழமை நோட்டு கூட்டம் எப்படி போடறது? ரெண்டு பேர்தான், அதுல ஒருத்தர் ஹெச்.எம், அவங்க தலையில ஆபீஸ் வேலை முழுக்க. அதனால நான் 19ஆம் தேதி எழுதுனது நாலு பேர் இருக்கற பள்ளிக்குத்தான் பொருந்தும்னு ஒத்துக்கறேன். சின்னப் பள்ளிகளுக்கு குறுவள மையக் கூட்டம்தான் வழி. அந்தக் கூட்டத்துக்கு அஞ்சு நோட்டு எடுத்துட்டு வாங்கன்னு ஒரு வரி சேர்த்தா போதும். பக்கத்து பக்கத்து பள்ளிகள் ஒண்ணா சேர்ந்து ஒருத்தருக்கொருத்தர் உதவணும்ங்கறது 1964-66 கோத்தாரி கமிஷன்லயே இருக்கு, பள்ளி வளாகம்னு பேர் வச்சு. புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

5.10.2025
நாளைக்கு ஸ்கூல் திறக்குது. ஆன்லைன் பயிற்சி பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க, சுருக்கமா.

மத்திய அரசோட ஆசிரியர் பயிற்சித் திட்டம் நிஷ்தா 2019 ஆகஸ்ட்ல நேரடி பயிற்சியா ஆரம்பிச்சு, கொரோனாவுல தீக்ஷாங்கற ஆன்லைன் தளத்துக்கு மாறுச்சு, தொடக்க நிலைக்கு 18 பாடத்தொகுதி. நான் 18ம் முடிச்சேன், சான்றிதழ் 18ம் இருக்கு. 18ல எத்தனையை உண்மையா பார்த்தேன்னு கேட்டா நாலு. மத்ததெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வீடியோ ஒரு பக்கம், மறுநாள் சமையலுக்கு காய் நறுக்கறது ஒரு பக்கம். அந்த நாலும் நல்லாவே இருந்துச்சு. அதைப் பத்தி பேச ஒரு ஆள் கிடைச்சிருந்தா இன்னும் உதவியிருக்கும்.

2020 தேசிய கல்விக் கொள்கை வருஷத்துக்கு 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிக்குன்னு சொல்லுது. அந்த கொள்கையோட மத்த விஷயங்கள்ல நமக்குள்ள ஆயிரம் சண்டை இருக்கு, அதை இங்க இழுக்க வேண்டாம். 50 மணி நேரத்தை எப்படி எண்ணப் போறோம்ங்கறதுதான் என் கவலை. எங்க வெள்ளிக்கிழமை அரை மணியை யாராவது எண்ணுவாங்களா? வருஷத்துக்கு கூட்டிப் பார்த்தா 12 மணி நேரம் கூட வராது. ஆனா என் சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது அந்த 12 மணியிலதான் அதிகம்.

12.10.2025
போன மாசம் 13ஆம் தேதி எழுதுனதுல ஒண்ணை வாபஸ் வாங்கறேன். கேட்கற பயிற்சியால பிரயோஜனம் இல்லங்கற மாதிரி எழுதிட்டேன். தப்பு.

ரொம்ப வருஷம் முன்னாடி, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் ஒருத்தங்க வந்து ஹால்ல ஒரு மணி நேரம் பேசுனாங்க. போர்டை பார்த்து எழுதறப்போ தலையை ஒரு பக்கமா சாய்க்கற பிள்ளை, கண்ணை சுருக்கற பிள்ளை, பக்கத்து நோட்டை பார்த்தே எழுதற பிள்ளை, இவங்களை சோம்பேறின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கண்ணை பாருங்கன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் செஞ்சு காட்டல, சொன்னது மட்டும்தான். மறுநாள் வகுப்புக்குள்ள நுழையறேன், ரெண்டாவது வரிசையில ஒரு பொண்ணு, அந்த மூணும் அப்படியே. அதுவரைக்கும் காப்பி அடிக்கறான்னு அவளை எத்தனை நாள் திட்டியிருக்கேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டி, கண்ணாடி வந்து, போட்டுக்கிட்டு ஜன்னல் வழியா வெளிய பார்த்துட்டு, "டீச்சர், புளியமரத்துல இலை தனித்தனியா இருக்கு"ன்னு சொன்னா.

அந்தப் பொண்ணு இப்ப காலேஜ்.

ஆக, தெரியாத ஒரு விஷயத்தை தெரிய வைக்க ஒரு மணி நேரப் பேச்சு போதும். பழக்கத்தை மாத்தத்தான் அது போதாது. அந்த அம்மா எனக்கு ஒரு புது கண் குடுத்தாங்க. கழித்தல்ல எனக்கு இருந்தது 18 வருஷப் பழக்கம், அதுக்கு பக்கத்துல ஆள் நிக்கணும். அமெரிக்காவுல புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ்னு ரெண்டு பேர் 1980லயே இதைத்தான் எழுதியிருக்காங்க: விளக்கம் மட்டும் குடுத்தா வகுப்பு வரைக்கும் போறது ரொம்ப கம்மி, செஞ்சு காட்டி, செய்ய விட்டு, அப்புறம் வகுப்புலயும் துணைக்கு ஒருத்தர் இருந்தாத்தான் நிலைக்குது. எங்க ஊர் அனுபவமும் அதேதான்.

25.10.2025
மழை லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் இந்தப் பக்கம் வர்றேன். வந்து பார்த்தா முழுக்க டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) சண்டை.

செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும்னு. எனக்கும் பொருந்தும். எங்க ஸ்டாஃப் ரூம்ல இப்ப வேற பேச்சே இல்ல. இந்தக் கவலையை சின்னதா பேசறவங்க மேல எனக்கு கோபம் வருது, 20 வருஷம் வேலை பார்த்தவங்களுக்கு வேலை போயிடுமோங்கற பயம் அது, வீட்டு லோன் இருக்கு, பிள்ளைங்க படிப்பு இருக்கு.

ஆனா இதையும் பயிற்சியையும் ஒண்ணா போட்டு குழப்பாதீங்க. 150 கேள்வி, 150 மார்க், குழந்தை மேம்பாடும் கற்பித்தலும்னு அதுல ஒரு பகுதி. நானும் புக் வாங்கி படிக்கறேன், குழந்தை எப்படி கத்துக்குதுன்னு ஆராய்ஞ்ச பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் திரும்ப படிக்கறப்போ சந்தோஷமாத்தான் இருக்கு. அது எனக்கு என்ன தெரியும்னு அளக்கும். என் வகுப்புல பன்னெண்டு பேர் ஏன் 35 போட்டாங்கன்னு அது என்கிட்ட கேட்காது. ஒரு வருத்தம் மட்டும் சொல்றேன்: பரீட்சைக்கு படிக்கணும்னு மூணு வெள்ளிக்கிழமையா நாங்க நோட்டு எடுத்து உட்காரல.

8.11.2025
"வகுப்புல வந்து உட்கார்றதுன்னா அதுதான் விசிட்டே, அதுக்குத்தானே நடுங்கறோம்"னு அந்த முதல் சார் கேட்டிருக்காரு. சார், நீங்க திரும்ப வந்ததே சந்தோஷம்.

விசிட்ல வர்ற அதிகாரிங்க டீச்சரைப் பார்ப்பாங்க, போர்டைப் பார்ப்பாங்க, பாடக்குறிப்பு எழுதியிருக்கான்னு பார்ப்பாங்க. நாங்க இந்த வருஷம் ஆரம்பிச்சது வேற. ஜப்பான்ல மெய்ஜி காலத்துல இருந்தே ஒரு வழக்கம் உண்டு, ஜுக்யோ கென்க்யூன்னு. நாலஞ்சு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தை திட்டம் போடுவாங்க, ஒருத்தர் நடத்துவாங்க, மத்தவங்க சுத்தி நின்னு பிள்ளைங்களைப் பார்ப்பாங்க, அப்புறம் உட்கார்ந்து பேசுவாங்க. பாடம் சரியா வரலன்னா அது எல்லாரும் சேர்ந்து போட்ட திட்டம், நடத்துனவங்க தலையில விழாது. நமக்கும் இது ரொம்ப அந்நியம் இல்ல, பயிற்சிப் பள்ளியில படிக்கறப்போ நுண்ணிலைக் கற்பித்தல்னு ஆறு நிமிஷம் நடத்தி மத்த மாணவர்கள் குறிப்பு எழுதுவாங்களே, வேலைக்கு வந்ததும் அதை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்.

போன மாசம் அஞ்சாம் வகுப்பு டீச்சர் என் வகுப்புல 20 நிமிஷம் இருந்தாங்க. என்னைப் பார்க்கல. ஜன்னல் ஓரமா இருக்கற நாலு பிள்ளைங்களை மட்டும் பார்த்து, யார் எப்ப பேசுனா, யார் யாரோட நோட்டை பார்த்தான்னு எழுதிட்டு இருந்தாங்க. எனக்கு முதல் அஞ்சு நிமிஷம் கை சில்லுன்னு ஆயிடுச்சு, அவங்க என் தங்கச்சி மாதிரி, இருந்தும். அப்புறம் காட்டுன பேப்பர்ல ஒரு பொண்ணு பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல. 20 நிமிஷத்துல நான் அவளை ஒரு தடவை கூட பார்க்கல, அவளும் வாயை திறக்கல. அவ மொட்டு நிலையில (அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கறதுல நடு நிலை) இருக்கான்னு ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கேன். எதை வச்சு எழுதுனேன்?

9.11.2025
அந்தப் பொண்ணை இப்ப முன்னாடி உட்கார வச்சிருக்கீங்களான்னு கேட்டிருந்தீங்க. இல்ல. அவ இடத்துலயே இருக்கட்டும், நான்தான் இப்ப ஜன்னல் ஓரமா பாய் போட்டு உட்கார்றேன்.

23.11.2025
இந்த வருஷமும் எனக்கு மூணாம் வகுப்புதான். "சின்னதுல இருந்து பெருசு போகாது"ங்கற வாக்கியத்தை விட்டாச்சு. அதுக்கு பதிலா என்ன சொல்றீங்கன்னு நிறைய பேர் கேட்டீங்க. ஒண்ணும் சொல்றதில்ல. ஈர்க்குச்சியை பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கட்டி, அஞ்சு கட்டும் ரெண்டு தனிக் குச்சியும் கையில குடுத்து, எனக்கு 27 குச்சி தாங்கன்னு கேட்கறேன். ரெண்டு கட்டு உடனே வந்துடும். ஏழு கேட்டா தனியா ரெண்டுதான் இருக்கு. முழிப்பாங்க, பக்கத்துல பார்ப்பாங்க. யாராவது ஒருத்தர் ரப்பர் பேண்டை கழட்டுவாங்க. அந்த நிமிஷம் வர்ற வரைக்கும் நான் வாயை மூடிட்டு இருக்கணும், அதுதான் எனக்கு கஷ்டம், அதைத்தான் இன்னும் பழகிட்டு இருக்கேன்.

கடன்ங்கற வார்த்தையையும் விட்டுட்டேன். ஒரு பையன், "வாங்குன கடனை எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்"னு கேட்டான், வீட்டுல குழு லோன் வசூலுக்கு வர்றதைப் பார்க்கற பிள்ளை. கட்டை பிரிக்கறோம்னுதான் இப்ப சொல்றோம்.

போன வாரம் நோட்டு பார்த்தோம். 19 பேர்ல ரெண்டு பேர் 35. ரெண்டு பேரும் குச்சி கையில இருந்தா சரியா செய்யறாங்க, பேப்பருக்கு வந்தா மாறுது. ஏன்னு வெள்ளிக்கிழமை முழுக்க பேசியும் எங்களுக்கு புரியல. நாலாம் வகுப்பு டீச்சர் ஒண்ணு சொன்னாங்க, குச்சியை வச்சுட்டு பேப்பருக்கு தாவாம நடுவுல படம் போட விடுங்கன்னு. கட்டுக்கு ஒரு நீளக் கோடு, தனிக் குச்சிக்கு ஒரு சின்னக் கோடு.

செவ்வாய்க்கிழமை அதைத்தான் நடத்தப் போறேன், அவங்க வந்து அந்த ரெண்டு பிள்ளைங்க பக்கத்துல உட்கார்றாங்க. முதல்ல 43ல 18. சரியா வந்துட்டா அப்புறம் 50ல 23, தனிக் குச்சியே இல்லாம.